நிழலுக்கு நிற்பதும் பிம்பத்துக்கு நடப்பதும்

மரங்களில் இலை இல்லாத மாதங்கள்தான் எனக்குப் பிடித்தவை. கோடையில் ஒரு மரத்தைப் படம் எடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பச்சை மொத்தை. அது எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்தது, எங்கே ஒரு கிளை முறிந்து அந்த இடத்தில் இரண்டு கிளம்பின, எந்தக் கிளை வெளிச்சம் தேடி வளைந்து போனது என்பதெல்லாம் இலைக்குள் மறைந்து கிடக்கும். இலை கொட்டியதும் அத்தனையும் வெளியே வந்துவிடும். சூரியனும் தாழ்ந்து வந்து பக்கவாட்டில் ஒளி அடிப்பதால் பட்டையின் ஒவ்வொரு வெடிப்பும் தெரியும்.

குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் நானும் ஒரு குளத்தைச் சுற்றி நடப்போம். அவள் நடக்க வருகிறாள், நான் நிற்க வருகிறேன். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

"டேய், அந்த மரம் எங்கேயும் ஓடிப் போயிடாது. வா."

"மரம் ஓடாதுக்கா. நிழல் ஓடும்."

இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் நிழல் நிஜமாகவே ஓடும். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. வடக்கு அரைக்கோளத்தில் டிசம்பர் 21 வாக்கிலும் தெற்கில் ஜூன் 21 வாக்கிலும் நண்பகல் சூரியன் ஆண்டிலேயே மிகத் தாழ்வாக நிற்கும். வெப்பமண்டலத்துக்கு வெளியே இருப்பவர்கள் எவ்வளவு தாழ்வு என்று வீட்டிலிருந்தே கணக்குப் போடலாம். 90-இலிருந்து உங்கள் அட்சரேகையைக் கழியுங்கள், அதிலிருந்து 23.4-ஐக் கழியுங்கள். 50 டிகிரி அட்சரேகையில் மிஞ்சுவது 16.6 டிகிரிதான். அந்த உயரத்தில் இருக்கும் சூரியன் 10 மீட்டர் மரத்துக்கு நண்பகலிலேயே 33 மீட்டர் நிழல் போடும். அதே மரத்துக்கு நடுக்கோடை நண்பகலில் 5 மீட்டர்தான். சூரியன் மணிக்கு 15 டிகிரி கணக்கில் நகர்வதால், 33 மீட்டர் நிழலின் நுனி நிமிடத்துக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடம் மாறுகிறது. கிளை நிழல் ஒன்று பாதையைக் கடந்து எதிரே இருக்கும் கல்லில் விழப்போகிறது என்று தெரிந்தால், அது வரும்வரை நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. நான் எங்கே நகர்ந்தாலும் அந்த நிழல் தரையில் விழும் இடம் மாறப்போவதில்லை.

பிம்பம் அப்படியில்லை. நீரில் தெரியும் மரம் நான் ஓரடி வைத்தால் தானும் நகரும். நான் குனிந்தால் அதன் உருவம் மாறும், எழுந்தால் மறுபடி மாறும். பக்கத்தில் நிற்கும் அக்கா பார்க்கும் பிம்பமும் நான் பார்க்கும் பிம்பமும் ஒன்றல்ல. நிழலைத் தீர்மானிப்பது சூரியன், பிம்பத்தைத் தீர்மானிப்பது பார்ப்பவரின் கண். இது மண்டையில் ஏறிய பிறகு என் நடையே மாறிப்போனது. நிழல் நன்றாக இருக்கும் இடத்தில் கால்களை ஊன்றி நிற்கிறேன். நீர் தென்பட்டால் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஊர்கிறேன். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அக்கா பத்தடி தள்ளிப் போய் நின்றுகொள்வாள்.

முதலில் நிழலைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மரத்தின் நிழலை அடியிலிருந்து நுனிவரை கவனித்துப் பாருங்கள். அடிமரத்துக்குப் பக்கத்தில் அதன் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். போகப்போக மங்கி, உச்சிக் கிளைகளின் நிழல் வெறும் புகையாகிவிடும். கேமராவில் ஃபோகஸ் போய்விட்டது என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் எந்தப் பொருளுக்கும் அதன் அகலத்தைப் போல் சுமார் 108 மடங்கு தூரம் வரைதான் முழு இருட்டான நிழல் உண்டு. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள குச்சிக்கு அது ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. அதற்கப்பால் அரைநிழல்தான். எட்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் சுள்ளி தரையில் கூர்மையாக விழவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கூர்மையான சிக்கல் கோலம் வேண்டுமென்றால் புதர்களையும் தாழ்ந்த கிளைகளையும் தேடிப் போங்கள். மென்மை வேண்டுமென்றால் பெரிய மரத்தின் நிழல் நுனிக்கு நடந்து போங்கள். ஒரே மரத்தின் நிழலில் இரண்டும் இருக்கும்.

சூரியனைப் பார்த்து நின்றால் வரிசை மரங்களின் நிழல்கள் விசிறிபோல விரிந்து உங்களை நோக்கி வரும். முதுகைக் காட்டி நின்றால் அதே நிழல்கள் தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும். உண்மையில் அவை ஒன்றுக்கொன்று இணையானவை. நான் பெரும்பாலும் சூரியனைப் பார்த்துதான் நிற்பேன். ஆனால் சூரியனை ஒரு அடிமரத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வேன். அடிமரத்தின் விளிம்பில் சூரியன் மயிரிழை எட்டிப் பார்க்கும்படி நின்று, லென்ஸின் ஒளித்துளையான அபெர்ச்சரை எஃப் 16 அளவுக்குச் (எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) சுருக்கினால் நட்சத்திரக் கதிர் கிடைக்கும். கதிர்களின் எண்ணிக்கை லென்ஸுக்குள் அந்தத் துளையைச் சுருக்கும் தகடுகளைப் பொறுத்தது. இரட்டைப்படைத் தகடுகள் என்றால் அதே எண்ணிக்கை, ஒற்றைப்படை என்றால் இரு மடங்கு. என் பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸில் ஒன்பது தகடுகள், அதனால் பதினெட்டுக் கதிர்கள். அழகுதான், ஆனால் சீக்கிரம் சலித்துவிடும். எப்போதாவது ஒன்று போதும். இன்னொன்று: லென்ஸின் ஒளி நேராகக் கண்ணுக்கு வரும் ஆப்டிகல் வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) உள்ள கேமராவில் சூரியனை நேராகப் பார்த்துவிடாதீர்கள், கண் போய்விடும்.

வெயில் முதுகில் அடிக்கும்போது வேறு தொல்லை. நம் நிழலே நீட்டி நெடுக்கப் படத்துக்குள் வந்து படுத்துக்கொள்ளும். இதற்கு நான் செய்வது, ஏதாவது ஒரு தடித்த மரத்தின் நிழலுக்குள் போய் நின்றுகொள்வது. என் நிழல் அந்த மரத்து நிழலில் கரைந்துவிடும். வேண்டுமென்றே நம் நிழலையும் படத்தில் சேர்த்துக் கையைக் கிளைபோல விரிக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை.

குளிர்காலத்தில் வெள்ளை நிழல் என்று ஒன்று உண்டு. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அதுதான். இரவில் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும். காலை வெயில் ஏறியதும் வெயில் பட்ட இடமெல்லாம் உருகிப் பச்சையாகிவிடும். மரத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் உறைபனி அப்படியே இருக்கும். கொஞ்ச நேரத்தில் நிழல் நகர்ந்துவிடும், ஆனால் பனி உடனே உருகாது. அப்போது பார்த்தால் கருநிழல் ஓரிடத்தில், அது இப்போதுதான் விட்டுப்போன பக்கத்தில் வெண்மையாக இன்னொரு மரம். வெயில் நேராக அடிப்பதால் அந்த வெள்ளை மின்னும். சில நிமிடங்கள்தான், பிறகு விளிம்பிலிருந்து கரையத் தொடங்கும். இதற்கு எஃப் 8 வைத்து, கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுக்கிறேன். உயரம் கூடினால் வடிவம் தெளிவாகும். பக்கத்தில் மேடு இருந்தால் அதில் ஏறிவிடுவேன். அக்காகூட இந்த ஒரு காட்சிக்கு மட்டும் எதுவும் பேசாமல் நிற்பாள்.

வெண்பனி தரையெங்கும் போர்த்திய நாளில் நிழல் நீலமாக இருக்கும். நிழலுக்குள் சூரிய ஒளி நேராக வருவதில்லை, ஆனால் நீல வானத்தின் ஒளி வருகிறது. பனி அதை அப்படியே காட்டுகிறது. நிறத்தைச் சரிசெய்யும் கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் இந்த நீலத்தைக் குறையாக எண்ணித் திருத்தப் பார்க்கும். நான் பகல்வெயில் அமைப்பில் பூட்டிவிட்டு ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுக்கிறேன். நீலம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். ஒளியை அளக்கும் மீட்டரும் ஏமாற்றும். தன் முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு அது அளப்பதால், வெண்பனி சேற்று நிறமாக வரும். எக்ஸ்போஷரை, அதாவது பதியும் ஒளியை, ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) கூட்டவேண்டும். வெளிச்ச அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது சுவரை முட்டாமல் பார்த்துக்கொண்டால் சரி.

அப்புறம் அந்த ஒளிவட்டச் சண்டை. பனித்துளிகள் நிறைந்த புல்வெளியில், சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும்போது, உங்கள் தலையின் நிழலைச் சுற்றி வெளிச்சமாக ஒரு வட்டம் தெரியும். ஒவ்வொரு துளியும் லென்ஸ்போல வெயிலைக் குவித்துப் பின்னால் இருக்கும் புல்லில் விழச்செய்து, அந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. அதனால் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில், அதாவது உங்கள் கண்ணின் நிழல் விழும் இடத்தில்தான் அது பிரகாசமாக இருக்கும்.

"இங்க பாரு, என் தலையைச் சுத்தி ஒளிவட்டம்" என்றாள் அக்கா.

"உனக்கு ஒண்ணும் இல்லக்கா. எனக்குத்தான் இருக்கு."

"கண்ணாடியை மாத்துடா முதல்ல."

இருவர் சொன்னதும் உண்மை. அவளுக்கு அவள் தலையைச் சுற்றித்தான் தெரியும், எனக்கு என் தலையைச் சுற்றித்தான். நான் படம் எடுத்துக் காட்டியபோது வட்டம் என் கேமராவின் நிழலைச் சுற்றி இருந்தது. அதில் அவள் தலைநிழல் சாதாரணமாகக் கிடந்ததை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

இனி நீர். இங்கே சொல்ல நிறைய இருக்கிறது.

பிம்பம் என்பது மரத்தைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டிய நகல் இல்லை. என் கண் நீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு ஆழத்தில் நீருக்கு அடியில் இருந்து மேலே பார்த்தால் மரம் எப்படித் தெரியுமோ அதுதான் பிம்பத்தில் தெரிவது. அதனால் பிம்பத்தில் கிளைகளின் அடிப்பக்கம் தெரியும், கூட்டின் அடி தெரியும், உட்கார்ந்திருக்கும் பறவையின் வயிறு தெரியும். கரையிலிருந்து தள்ளி நிற்கும் மரமானால் அதன் அடிமரத்தைக் கரையே மறைத்துவிடும், பிம்பத்தில் உச்சி மட்டும் மிதக்கும். முடிந்தவரை முழு மரமும் வேண்டுமென்றால் கேமராவை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

தாழ்ந்து போவதில் இன்னொரு லாபமும் உண்டு. நீரை நேர் மேலிருந்து பார்த்தால் அது திருப்பி அனுப்பும் ஒளி சுமார் 2 சதவீதம்தான், மிச்சம் உள்ளே போய்விடும். நீர்மட்டத்துக்குப் பத்து டிகிரி மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திரும்பி வரும். இன்னும் தாழ்ந்தால் இன்னும் கூடும். ஒரு தட்டளவு குட்டைகூட வானத்தையும் மரத்தையும் ஏந்திக்கொள்வது இதனால்தான். கைபேசியில் எடுப்பவர்களுக்கு ஒரு வழி: பெரும்பாலான கைபேசிகளில் லென்ஸ் மேல் மூலையில் இருக்கிறது. கைபேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் நீரைத் தொடுமளவுக்கு இறங்கிவிடும். பிறகு படத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

குளத்தைவிடக் குட்டை நல்லது என்பது என் கட்சி. பெரிய நீர்ப்பரப்பில் காற்றுக்கு ஓட இடம் இருக்கிறது, சிற்றலை எழும். குட்டையில் இடமில்லை. அதிலும் நீர் நிழலில் இருந்து, அதில் தெரியும் மரம் வெயிலில் இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. நீரின்மேல் வெயில் விழவில்லை என்றால் அடியில் இருக்கும் சேறும் சருகும் கண்ணில் படாது. ஒளி முழுக்க மரத்திலிருந்து வருவதாக இருக்கும். அடி கருத்த குட்டையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

எல்லோரும் செய்யும் ஒன்று, ஃபோகஸை நீர்ப்பரப்பில் வைப்பது. பிம்பம் நீரின்மேல் ஒட்டியிருக்கும் படம் கிடையாது. என்னிடமிருந்து நீர் வரைக்கும், நீரிலிருந்து மரம் வரைக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் வருவதுதான் பிம்பத்தின் தூரம். காலடியில் மிதக்கும் மேப்பிள் இலை ஒரு மீட்டரில், அதற்குப் பக்கத்திலேயே தெரியும் கிளையோ பதினைந்து மீட்டரில். துளையை அகலத் திறந்து எஃப் 2 வைத்தால் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நான் பெரும்பாலும் இலையைத் தேர்ந்தெடுத்துக் கிளையை மங்கவிடுவேன். இரண்டும் வேண்டுமென்றால் எஃப் 11 அல்லது 16, அதுவும் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று. கைபேசியில் படம் பதியும் சென்சார் சின்னது என்பதால் இந்த இடத்தில் அது பெரிய கேமராவை ஜெயித்துவிடும். அக்கா தன் கைபேசியில் ஒரு தட்டு தட்டி, இரண்டும் தெளிவாக இருக்கும் படத்தை என் மூக்குக்கு முன்னால் நீட்டும் தருணம் இது.

காற்று வந்தால் பையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதில்லை. சிற்றலை பிம்பத்தை நம்மை நோக்கி, அதாவது மேலும் கீழுமாக, இழுக்கும். செங்குத்தான கோடுகள் அந்த இழுப்பில் தப்பிப் பிழைக்கும், கிடைமட்டக் கோடுகள் கலைந்து காணாமல் போகும். வெள்ளைப் பட்டையுள்ள பிர்ச் மரங்கள் வரிசையாக நின்றால், அலையாடும் நீரில் அடிமரங்கள் மட்டும் நெளியும் நாடாக்களாகத் தெரியும், கிளைகள் இருக்காது. பக்கக் கிளைகள் பரந்து விரியும் ஓக் மரம் அதே நீரில் உருத்தெரியாமல் போகும். எனவே காற்றில்லாத நேரத்தில் ஓக், காற்றடிக்கும்போது பிர்ச். நிச்சலனமான நீரில் மேலே பாதி மரம், கீழே பாதி பிம்பம் என்று சரிபாதியாகப் பிரித்த படங்களைவிட இந்த நெளிவுகளையே நான் விரும்புகிறேன். சரிபாதிப் படத்தை ஒரு முறை பார்த்தால் போதும்.

போலரைசர் (லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும் ஒளி வடிகட்டி) வைத்திருப்பவர்கள் பிம்பம் எடுக்கும்போது அதைக் கழற்றிவிடச் சொல்வார்கள். கழற்ற வேண்டாம், திருப்பிப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சுமார் 37 டிகிரி மேலிருந்து பார்க்கும்போது பிரதிபலிக்கும் ஒளி முழுமையாக ஒரே தளத்தில் அதிர்கிறது. அந்தக் கோணத்தில் வடிகட்டியை ஒரு நிலையில் வைத்தால் பிம்பம் மறைந்து அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். கால் சுற்று திருப்பினால் பிம்பம் திரும்பி வரும், முன்பைவிட அழுத்தமாக. நடுவில் எங்காவது நிறுத்தினால் கூழாங்கல்லும் கிளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து நிற்கும். மிகவும் தாழ்ந்து போனால் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது.

திருத்தும்போது ஒன்றை மட்டும் விடாமல் பார்க்கிறேன். வெளிச்சமான வானம் நீரில் எப்போதும் மங்கித்தான் தெரியும். பிம்பத்து வானம் மேலே இருக்கும் வானத்தைவிடப் பளிச்சென்று இருந்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று உறைக்கும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்றுப் பேட்டரியை உள்சட்டைப் பையில் உடல் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் கேமராவைக் காற்றுப்புகாத பையில் போட்டு மூடிவிட்டால் ஈரம் பையின்மேல்தான் கோக்கும். உறைந்த குளத்தின்மேல் காலை வைக்காதீர்கள், எந்தப் படமும் அதற்கு ஈடில்லை.

இலையற்ற மரத்தின் மீதான இந்த மோகம் புதிதில்லை. 1841-இல் கலோடைப் என்ற தன் காகித நெகட்டிவ் முறையை அறிவித்த ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தின் லேக்காக்கில் தன் வீட்டருகே நின்ற ஓக் மரம் ஒன்றைக் குளிர்காலத்தில் படம் எடுத்தார். நீண்ட நேரம் ஒளி விழ வேண்டிய அந்தக் காலத்து முறையில் இலைகள் அசைந்து மங்கிவிடும், வெற்றுக் கிளைகள் அவ்வளவாக அசையாது. இன்றைக்கும் அந்தப் படத்தில் சுள்ளிகள் பின்னல்போல் தெரிகின்றன.

மோகம் அளவு மீறியதும் உண்டு. ஜப்பானின் பியேய் ஊரில் வயலுக்கு நடுவே சாய்ந்து நின்ற பாப்லர் மரம் ஒன்று படம் எடுப்பவர்களிடையே பெரும்புகழ் பெற்றது. மரத்துக்கு வயதாகிவிட்டது என்பது ஒரு பக்கம், படம் எடுக்க வந்தவர்கள் வயலை மிதித்து உள்ளே போனது மறுபக்கம். 2016 பிப்ரவரியில் நிலத்தின் உரிமையாளர் அதை வெட்டிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேலியைத் தாண்டினால்தான் படம் கிடைக்கும் என்ற நிலை வந்தால் நான் வேலியையே படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

இப்போது என் மனசில் ஓடிக்கொண்டிருப்பது ஒரே மரத்தின் நிழலையும் பிம்பத்தையும் ஒரே நீர்ப்பரப்பில் பிடிப்பது. கேட்க எளிதாக இருக்கும். தெளிந்த நீரின் மேற்பரப்பில் நிழல் விழாது, ஊடுருவிப் போய் அடித்தரையில்தான் விழும். கலங்கிய நீரில்தான் மண்துகள்கள் நிழலை மேலேயே தாங்கிப் பிடிக்கும். ஆனால் நீர் ரொம்பக் கலங்கினால் பிம்பம் வெளுத்துவிடும். பால் கலக்காத தேநீர் நிறத்துக்கும் சேற்று நிறத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு கலங்கல் வேண்டும். சூரியன் பக்கவாட்டில் இருக்கவேண்டும், அப்போதுதான் நிழல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும், பிம்பம் நேராக என்னை நோக்கி இறங்கும், இரண்டும் மரத்தின் அடியில் சந்திக்கும். மழை பெய்து மறுநாள் வானம் வெளுத்த காலை அதற்குத் தோதானது. குளத்தின் கிழக்குக் கரையில், ஓடை வந்து சேரும் இடத்தில், நீர் விளிம்பிலேயே நிற்கும் ஒரு மரத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன். அக்காவிடம் சொன்னேன். மழைக்கு மறுநாள் அந்தப் பக்கம் முழுக்கச் சேறாக இருக்கும், பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வருகிறேன், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு நொடிகூட நிற்கமாட்டேன் என்றாள்.